மணி அடிக்கிற இடம்

பாப்பா, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒன்று கேட்டாய். "அப்பா, அம்மா குரல் எதுலயாச்சும் இருக்குதா?" உன் மகள் உன்னிடம், உங்கம்மா எப்படிப் பேசுவாங்க என்று கேட்டிருக்கிறாள். உனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது முடியவில்லை, தம்பிக்கு இரண்டு. நான் "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, மழை வருது, கொடியில துணி கிடக்குது என்று போனை வைத்துவிட்டேன். அன்று மைசூரில் மழை இல்லை.

இல்லை என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிப் பதில். குரல் இருந்தது. நான்தான் அதை எடுத்துவிடச் சொன்னேன். மீதிப் பாதியை எழுதத்தான் இந்த நோட்டு வாங்கினேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். பாட்டு எழுதியிருக்கிறேன், கடிதம்கூட ஒழுங்காக எழுதியதில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். தம்பிக்குக் கன்னடம் ஓடும், தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பான். நீ அவனுக்கு வாசித்துக் காட்டு. வேகமாக வாசிக்காதே.

நான் பாடின அந்தக் கேசட் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அட்டையில் மாதேஸ்வரன் புலி மேல் உட்கார்ந்திருப்பார், பின்னால் மலை. உள்ளே எட்டுப் பாட்டு. அப்பா சாமி பாட்டு பாடினவர் என்று சொல்லித்தான் நீங்கள் வளர்ந்தீர்கள், நானும் திருத்தவில்லை. அந்த எட்டில் ஒன்றுகூட நான் சாமிக்கு எழுதினதில்லை.

அப்போது தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். நான் மைசூரில் பெயின்ட் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு பங்களாவுக்கு வெள்ளையடிக்கப் போனோம். அந்த வீட்டுப் பிள்ளை வெளிநாடு போகிறான் என்று பழைய சாமான்களை ஒழித்தார்கள். அதில் ஒரு கிடார் இருந்தது. கம்பியை முறுக்குகிற காது ஒன்று உடைந்திருந்ததால் ஐந்து கம்பிதான் மாட்ட முடியும். "எடுத்துக்கிறியா, இல்ல அடுப்புல போடவா" என்று அந்த வீட்டம்மா கேட்டார். எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. ஹனூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்கள் வெண்கலத் தாளம் தட்டிக்கொண்டு பாடுவார்கள். அந்த நடை என் காலில் இருந்தது. அதையே ஐந்து கம்பியில் தேடினேன்.

என்னோடு சாரத்தில் நின்று பெயின்ட் அடித்த கூட்டாளி ஒருவன் தோலக்கு வாசிப்பான். அவன் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் சொல்லி, கிடாருக்குள் சின்ன மைக்கை ஒட்டி, ஒரு பழைய பெட்டியில் சொருகிக் கொடுத்தான். கம்பியைத் தொட்டாலே கரகரவென்று தெருவையே பிடுங்கும். பிள்ளையார் பந்தல்களில் பாடினோம். ஒரு காலேஜ் விழாவில் மைக் பிடித்த பையன் எங்களை 'ஃபோக் ராக்' என்று சொல்லிக் கைதட்டச் சொன்னான். கூட்டாளி என் காதில், "மாப்ள, நமக்கு ஏதோ பேரு வெச்சிட்டாங்கடா. நல்லதா கெட்டதா?" என்றான். எனக்கும் தெரியவில்லை. "கை தட்டறாங்கல்ல, வாசி" என்றேன்.

நான் எழுதினதெல்லாம் எனக்குத் தெரிந்த ஆட்களைப் பற்றித்தான். முதல் பாட்டில் 'ஏணி மேல ஏணி வச்சேன்' என்று வருகிறதே, அது அந்தக் கூட்டாளி சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது கட்டினது. அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, மேலே சுவரில் விட்டுப்போன ஒரு முழத்துக்கு யார் பெயின்ட் அடித்தார்கள் என்றுதான் கேட்டான். எலுமிச்சம்பழப் பாட்டு உங்கள் அம்மாவைப் பற்றியது. கொள்ளேகாலிலிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவளுக்குக் குமட்டும். ஒரு பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டு வருவாள். இறங்கும்போது அந்தப் பழத்தை எனக்குக் கொடுத்து, "இத வெச்சு சர்பத்து போட்டுக்குங்க" என்பாள். கேசட்டில் அது சாமி கொடுத்த பழமாக ஆகிவிட்டது. கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் என்ன செய்ய.

எட்டாவது பாட்டைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

கல்யாணம் ஆன புதிதில் நாங்கள் ஒருமுறை அடிவாரத்திலிருந்து நடந்தே மலை ஏறினோம். குழந்தை வரம் கேட்டு உங்கள் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். அவள் வெறுங்காலோடு விறுவிறுவென்று ஏறுகிறாள். எனக்கு மூச்சு வாங்குகிறது. பெயின்ட் சாரத்தில் ஏறி இறங்குகிற எனக்கே. நான் ஒவ்வொரு வளைவிலும் கல்லில் உட்கார்ந்துவிடுவேன். அவள் மேலே நின்று திரும்பிப் பார்ப்பாள். "ஏனுங்க, நீங்க வரம் கேக்க வந்தீங்களா, காத்து வாங்க வந்தீங்களா?" என்பாள். அப்போது வாயில் வந்தது இது:

முன்னால போற பெண்ணே
மூச்சு வாங்க நில்லேண்டி
கல்லு சுடுது காலு சுடுது
கைய கொஞ்சம் தாயேண்டி

அவள் கை கொடுக்கவில்லை. கிடக்கிற கழி ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதப் புடிங்க, வழியில போறவங்க பாக்கறாங்க" என்றாள்.

அவள் வீட்டில் ஊதுபத்தி உருட்டினாள். நம் லைன் வீடுகளில் பாதிப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்கலாம். முன்னால் ஒரு சாய்வான மரப்பலகை. ஒரு பக்கம் மூங்கில் குச்சிக் கட்டு, ஒரு பக்கம் கறுப்பு மசாலா உருண்டை. குச்சியை வைத்து, மசாலாவைக் கிள்ளி வைத்து, உள்ளங்கையால் ஒரே தள்ளு. சரக். கொஞ்சம் தூளைத் தூவி மறுபடி ஒரு தள்ளு. சரக். பிறகு அதை எடுத்துக் குவியலில் போடுகிற சத்தம், டிக். நாள் முழுக்க வீட்டுக்குள் அதுதான். சரக், சரக், டிக். நான் மத்தியானம் வேலை இல்லாமல் உட்கார்ந்து பாட்டுக் கட்டும்போது என்னை அறியாமலே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பாடுவேன். வேகமாகப் போனால் அவள் விட மாட்டாள். "என் கைக்கு வர்லீங்க. மெல்லப் போங்க" என்பாள். நம் பாட்டெல்லாம் அந்த நடையில் இருப்பதற்கு அதுதான் காரணம். மேடையில் கூட்டாளியின் தோலக்கு அதைத்தான் தேடும், முழுசாகக் கிடைக்காது.

தம்பி பிறந்த பிறகு அவளுக்கு இருமல் வந்தது. முதலில் மசாலாவில் இருக்கிற கரித்தூள் என்று நினைத்தோம். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உருட்டினாள். இருமல் நிற்கவில்லை. லைனில் பேச ஆரம்பித்தார்கள். அது அந்த நோயாத்தான் இருக்கும், அவங்க வீட்டுல பிள்ளைகளை விடாதீங்க என்று. ஒருத்தர் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரர்கள் நம் வீட்டுக்குக் கொடுக்கிற டம்ளரைத் தனியாக வைத்தார்கள். உங்கள் அம்மா அதைப் பார்த்தாள். என்னிடம் சொல்லவில்லை. நானும் பார்த்தேன், அவளிடம் சொல்லவில்லை. அடுத்த வீட்டு அக்கா மட்டும் எப்போதும் போல உங்கள் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போவார்.

அந்தச் சமயத்தில்தான் கேசட் வாய்ப்பு வந்தது. மண்டி மொஹல்லாவில், எவர்சில்வர் பாத்திரக்கடைக்கு மாடியில் ஒருவர் ரெக்கார்டிங் அறை வைத்திருந்தார். கேசட்டுக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். மலையில் விற்கிற கேசட்டுகள் பாதி அவர் பதிந்தவை. வீட்டில் கன்னடம், கடையில் உருது, எங்களிடம் இரண்டும் கலந்த தமிழ். நல்ல மனுஷர். என் பாட்டுகளைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்:

"பாட்டு சென்னாகிதே, நல்லாத்தான் இருக்கு. ஆனா மலையில எவன்பா பொண்டாட்டி பாட்டு வாங்குவான்? சாமி இருக்கணும்."

"சாமிக்குத் தனியா எழுதட்டுங்களா?"

"எதுக்கு? இதுலயே பெண்ணேங்கற எடத்துல சாமின்னு போடு. மீதியெல்லாம் அப்படியே பொருந்துது, நோடு, பாடிப் பாரு."

பாடிப் பார்த்தேன். முன்னால போற சாமி, மூச்சு வாங்க நில்லய்யா. கல்லு சுடுது காலு சுடுது, கைய கொஞ்சம் தாருமய்யா. பொருந்திவிட்டது. அவ்வளவு சுலபமாகப் பொருந்தியதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "விடுங்க. சாமி என்னைய விட நல்லா ஏறும்" என்றாள்.

பதிவு எல்லாம் விடியற்காலையில். கடைகள் ஷட்டரைத் தூக்கி, ஆட்டோக்கள் வர ஆரம்பித்தால் அந்தச் சந்தில் ஒன்றும் பதிய முடியாது. ஜன்னலில் சாக்கு அடித்திருப்பார். ஏழு பாட்டு இரண்டு காலையில் முடிந்தது. எட்டாவது வரவில்லை. ராத்திரி பெய்த மழையில் தோலக்கின் தோல் ஊறிப்போய் சத்தம் மொத்தென்று விழுந்தது. கூட்டாளி அதை ஸ்டவ்வில் காட்டிக் காட்டிப் பார்த்தான். கடைசியில், "மாப்ள, இது உன் வீட்டுப் பாட்டு. தங்கச்சி கைல இருக்கறது எனக்கு வராது" என்றான். கேசட்டுக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு அவங்களக் கூட்டிட்டு வா. பலகையோட" என்றார்.

மறுநாள் உங்கள் இரண்டு பேரையும் தூக்கத்திலேயே அடுத்த வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். பலகையைப் பழைய சேலையில் சுற்றி நான் தூக்கிக்கொண்டேன். மசாலாவை ஈரத்துணியில் கட்டி அவள் வைத்துக்கொண்டாள். அந்த மாடிப்படி செங்குத்தானது, பதினைந்து படி இருக்கலாம். பாதியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் மேலே நின்று திரும்பிப் பார்த்தேன். "நீங்க போங்க. வந்தர்றேன்" என்றாள். மறுபடி நான்கு படி ஏறி உட்கார்ந்தாள். பலகை கையில் இருந்தது, நான் இறங்கிக் கை கொடுக்கவில்லை. பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

மேலே வந்ததும் அவள் கேசட்டுக்காரரிடம், "நான் பாட்டுக்காரி இல்லீங்க" என்றாள்.

"பாடாதீங்கம்மா. பத்தி உருட்டுங்க. பாட்டுக்குப் பாட்டும் ஆச்சு, பூஜைக்குப் பத்தியும் ஆச்சு" என்றார் அவர்.

அவள் முகத்தில் அந்தக் காலையில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது.

பலகைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, பக்கத்தில் ஒரு மைக்கைத் தாழ்த்தி வைத்தார். எனக்கு ஒரு மைக். கூட்டாளி சும்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் முதலில் நான்கு பத்தி உருட்டினாள். சரக், சரக், டிக். நான் அதில் ஏறிக்கொண்டேன். அப்படி நான் அதற்கு முன்னும் பாடினதில்லை, பின்னும் பாடினதில்லை. பாட்டின் நடுவில் அவளைப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக் கடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. இருமலை அடக்குகிறாள். கை மட்டும் தப்பவில்லை. சாமி என்று நான் பாடுகிற ஒவ்வொரு இடத்திலும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கடைசிக் கம்பியைத் தட்டினேன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவளுக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டு தடவை, பெரிதாக. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"முடிஞ்சுதுங்களா? சின்னவன் எந்திரிச்சிருப்பான். பாப்பா ஒருத்தியா அவனப் பாத்துட்டு இருப்பா."

அடுத்த வீட்டு அக்கா இருந்தார், நீ தனியாக இல்லை. ஆனாலும் அவளுக்கு அப்படித்தான். தம்பியை எப்போதும் நீதான் பார்த்துக்கொள்கிறாய் என்று ஒரு நினைப்பு. டேப் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் அதில் ஏறிவிட்டது.

கூட்டாளி அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஆட்டோ ஏற்றிவிட்டான். நானும் கேசட்டுக்காரரும் போட்டுக் கேட்டோம். பாட்டு நன்றாக வந்திருந்தது. கடைசியில் இருமல். பிறகு அவள் பேச்சு. அந்தச் சின்ன அறையில், சாக்கு அடித்த ஜன்னலுக்குள், அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது.

கேசட்டுக்காரர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இருமல எடுத்தர்றேன். பேச்சு இருக்கட்டுமா? கேக்க நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்க பேரு சொல்லாம, பாப்பா, சின்னவன்னு. மலைக்கு வர்ற பொம்பளைங்க கேட்டா அவங்களுக்கும் வீட்டு ஞாபகம் வரும்."

அவர் கேட்டார். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன்.

"வேண்டாங்க. ரெண்டையும் எடுத்துருங்க."

"யோசிச்சுச் சொல்லு. எடுத்தா எடுத்ததுதான்."

"எடுத்துருங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷத்தில் பலவிதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சாமி பாட்டில் வீட்டுப் பேச்சு எதற்கு என்று. கேசட் சுத்தமாக இருக்க வேண்டும் என்று. அதெல்லாம் இல்லை. அந்தப் பேச்சில் மூச்சு வாங்குகிறது. இருமலை வெட்டினாலும் மூச்சு வாங்குவது தெரியும். நம் லைனில் கேசட்டைப் போடுவார்கள். கேட்டுவிட்டு, பாத்தியா, அப்பவே எப்படி இளைக்குது என்பார்கள். எதிர்வீட்டு டம்ளர் என் கண்ணில் நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதில் எனக்கு வெட்கம். அதுதான் காரணம்.

கேசட்டுக்காரர் பாட்டு முடிகிற இடத்தில் ஒரு கோயில் மணியைச் சேர்த்தார். அவரிடம் தனியாகப் பதிந்து வைத்த மணி இருந்தது, எல்லாக் கேசட்டிலும் அதே மணிதான். டண், டண், டண் என்று மூன்று. அவள் பேசின இடத்துக்கு அது சரியாக இருந்தது.

கேசட் வந்த அன்று அடுத்த வீட்டு அக்காவின் டேப்பில் போட்டுக் கேட்டோம். நீ அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாய். எட்டாவது பாட்டு வந்ததும் அம்மா உன் உள்ளங்கையை எடுத்துத் தன் முட்டி மேல் வைத்துத் தள்ளிக் காட்டினாள். சரக், சரக். பாட்டு முடிந்து மணி அடித்தது. அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். டேப் தானாக நின்றது.

"நான் ஏதோ பேசினனுங்களே. அது விழுகலையா?"

"அத அவரு எடுத்துட்டாரு. வேணாம்னு."

அவரு எடுத்துட்டாரு என்றேன்.

"ஆமாங்க, அது பாட்டு இல்லையே" என்றாள். பிறகு அக்காவிடம், "மணி நல்லாருக்குதுல்லக்கா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அவள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், சாப்பிட்டாள், கொஞ்சம் தெளிந்தாள், மறுபடி படுத்தாள். கடைசி மாதங்களில் பேச்சு குறைந்துவிட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுக்க வேண்டும். அதனால் அவள் நீளமாகப் பேசின பேச்சென்று பார்த்தால், எனக்குத் தெரிந்து அந்த மாடியில் பேசினதுதான் கடைசிக்குப் பக்கம். அப்போது அது தெரியவில்லை. குரல் என்பது வீட்டில் இருக்கிற சாமான் மாதிரி, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

அவள் போய் சில மாதம் கழித்துத் தம்பிக்கு மொட்டை அடிக்க மலைக்குப் போனோம். அம்மா வேண்டிக்கொண்டது, தள்ளிப்போட முடியாது. பஸ்ஸில் போனோம். இறங்கினதும் கடைகளில் கேசட் அலறுகிறது. நம் கேசட்தான். ஒரு கடையில் ஏணிப் பாட்டு, ஒரு கடையில் பழப் பாட்டு. முடிகாணிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பொரிகடலைக் கடையில் எட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சேலம் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டம் நின்று தாளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு என் தோளில் தூங்குகிறான். நீ என் கையை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்குள் போய் ஆட ஆரம்பித்தாய். வயசான அம்மா ஒருத்தர் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கை தட்டினார். கடைக்காரர் என்னிடம், "இந்தப் பாட்டப் போட்டா மலை ஏறுன களைப்பே தெரியாதுங்க. பாடினவன் சாமிய நேர்ல பாத்திருக்கணும்" என்றார். நான்தான் பாடினேன் என்று சொல்லவில்லை.

உன்னை நிறுத்தவில்லை. ஆடட்டும் என்று விட்டேன். உன் கால் அடியில் இருந்தது அம்மா கை என்று உனக்கு எப்படித் தெரியும். பாட்டு முடிந்தது. மணி அடித்தது. நின்றவர்கள் எல்லாரும் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். நீயும் கும்பிட்டாய். எனக்கு மட்டும் அந்த மணிக்குக் கீழே, சின்னவன் எந்திரிச்சிருப்பான் என்று கேட்டது.

மைசூர் வந்ததும் நேராக மண்டி மொஹல்லா போனேன். கேசட்டுக்காரர் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு விஷயம் தெரியும். நான், வெட்டுவதற்கு முன்னால் பதிந்த டேப் வேண்டும் என்று கேட்டேன். அந்தத் தொழிலில் ஒரே சுருளில் மேலே மேலே பதிவார்கள். எனக்கும் அது தெரியும். என் பாட்டே அதற்கு முன்னால் யாரோ பாடின தேர்ப் பாட்டின் மேல்தான் ஏறியது. இப்போது என் சுருளில் வேறு யாருடைய கல்யாணப் பாட்டோ ஏறிவிட்டது.

"கேட்டேனேப்பா உன்னை" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்கும் தாங்கவில்லை.

"ஆமாங்க. கேட்டீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நான் பாடவில்லை. கூட்டாளி பல தடவை கூப்பிட்டான். அப்பா ஏன் கிடாரை மாட்டியே வைத்திருக்கிறார் என்று தம்பி சின்ன வயதில் கேட்பான், கம்பி அறுந்துபோச்சு என்பேன். அறுந்தது இரண்டு கம்பிதான்.

நீ போனில் கேட்ட பிறகு, இந்த நோட்டை ஆரம்பிக்கும் முன், ஒரு நாள் அந்த மாடிக்கு மறுபடி போனேன். கேசட்டுக்காரர் காலமாகிவிட்டார். அங்கே இப்போது மொபைல் ரிப்பேர் செய்கிறார்கள். படி அதே படி. பாதியில் நானே உட்கார்ந்துவிட்டேன். பழைய டேப் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டேன், அந்தப் பையன்களுக்கு நான் கேட்பது என்னவென்றே புரியவில்லை. ஒருவன் தண்ணீர் கொடுத்தான்.

ஆகவே பாப்பா, குரல் இல்லை. இனி கிடைக்காது. அதற்குக் காரணம் கேசட்டுக்காரர் இல்லை, உங்கள் அப்பா. அம்மாவிடம் இதை நான் சொல்லாமலே விட்டுவிட்டேன். உங்களிடமும் அப்படி விடக் கூடாது.

கை இருக்கிறது. எட்டாவது பாட்டை எடுத்துக்கொள். என் பாட்டைக் கேட்காதே, அதற்குப் பின்னால் ஓடுவதைக் கேள். தம்பி ஒரு தடவை, "இது என்ன இன்ஸ்ட்ருமென்ட்டுப்பா?" என்று கேட்டான், ஏதோ தாளம் என்று சொல்லிவிட்டேன். அது அம்மா. முதலிலிருந்து கடைசி வரை ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. பாட்டு முடிவதற்குள் மொத்தம் எத்தனை பத்தி உருட்டினாள் என்று நான் ஒருநாள் எண்ண ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். உன் மகள் எண்ணட்டும்.

அவள் கேட்டதற்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கம்மா குரல் மெல்லியது இல்லை, கொஞ்சம் கட்டை. கேள்வி கேட்கும்போது எல்லாரும் கடைசியில் குரலை உயர்த்துவார்கள். அவள் இறக்குவாள். முடிஞ்சுதுங்களா என்றால், முடிந்துவிட்டது என்று அவளே தீர்த்துச் சொல்கிற மாதிரி இருக்கும். சின்னவன் என்கிறபோது 'சின்' என்பதில் ஒரு அழுத்தம். பாப்பா என்கிறபோது அவசரமே இருக்காது. ஒருத்தியா என்ற வார்த்தையில் கொஞ்சம் நின்றாள். மூச்சுக்காக நின்றாள் என்றுதான் அன்று நினைத்தேன்.

அடுத்த தடவை நீங்கள் எல்லாரும் வரும்போது கேசட்டைப் போடுவோம். கடைசியில் மணி வந்ததும் நான் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். அந்த இடத்தில் இதை நீ உன் மகளுக்குச் சொல். குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொல்:

முடிஞ்சுதுங்களா? சின்னவன் எந்திரிச்சிருப்பான். பாப்பா ஒருத்தியா அவனப் பாத்துட்டு இருப்பா.